பழுது: நிறைய

உத்திரமேரூர் போஸ்ட்
சார்வரி வருஷம், தை மாதம் 20-ந் தேதி, வியாழக்கிழமை

சிரஞ்சீவி ராஜாராமுக்கு, உன் ஆயா ஆண்டாளம்மாள் இருந்த இடத்திலிருந்தே உன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உன் சித்தி கனகாவும், அவள் வயிற்றில் இருப்பதும், பசுவும், கன்றும், பஞ்சாயத்து ரேடியோப் பெட்டியும் சுந்தரவரதர் கடாட்சத்தில் சௌக்கியம். இதில் ரேடியோப் பெட்டி சௌக்கியம் என்பதை மட்டும் சர்க்கார் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. அந்த விஷயமாய்த்தான் இந்தக் கடுதாசி. நீ பட்டணத்தில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவன், உன்னால்தான் இது ஆகவேண்டும்.

ஆனாலும் வீட்டில் நல்ல சேதி இருக்கும்போது கெட்ட சேதியை முன்னால் விடுவது முறையில்லை. முதலில் உன்னிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினதையும், உன் மேஜைக்கு நேர் மேலே காற்றாடி சுற்றுகிறது என்பதையும் நீ எழுதின கார்டைக் காட்டி இந்தத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. செக்கு ஆட்டுகிறவர் வரைக்கும் தெரியும். உன் தம்பி பெருமாள் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதியிருக்கிறான். ஒரு தடவை எழுதினவர்களே இந்த ஊரில் மூன்று பேர்தான். இப்போது பம்புசெட் எஞ்சினைக் காதில் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிறான், வாத்தியார் கேட்ட கேள்விக்குத்தான் அவனால் சொல்ல முடியவில்லை. சின்னவள் பவளம் ஸ்கூல் விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடினதில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கின பெண் இவளைவிட ஒரு முழம் உசரம், அவள் நடந்தே வந்திருந்தாலும் முதலில்தான் வந்திருப்பாள், அதனால் இதை முதல் பரிசாகவே நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பரிசாகக் கொடுத்த சோப்புப் பெட்டியில் சோப்பு இல்லை, போகட்டும்.

எல்லாருக்கும் மேலே உன் தங்கை தேவகி. கிராம சேவிகா பயிற்சிக்கு என்று போய் ஒண்ணரை வருஷம் ஆகிறது, ஒரு பொங்கலுக்குக்கூட லீவு கொடுக்கவில்லை, அந்தக் குழந்தை இப்போது சென்னை ரேடியோவில் பேசப்போகிறது. வருகிற பிப்ரவரி 10-ந் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்குக் கிராம நிகழ்ச்சியில் பத்து நிமிஷம், கோழி வளர்ப்பைப் பற்றி. கோழியைக் கண்டால் உரல்மேல் ஏறி நின்றுகொண்டு அழுத பெண் அது. இன்றைக்கு அது பேசித் தமிழ்நாட்டுக் கோழி எல்லாம் வளரப்போகிறது. நீதான் அவளை ரேடியோ ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாய் என்று எழுதியிருந்தாள். எனக்கு இருக்கிற ஒரே ஆசை அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான். கடுதாசியில் எழுத்து வருகிறதே தவிரக் குரல் வருவதில்லை நைனா. திருப்புட்குழியிலிருந்து உன் அத்தை வீட்டார், ஓரிக்கையிலிருந்து உன் தாத்தாவின் தங்கை, எல்லாருக்கும் சொல்லியனுப்பி, அன்றைக்கு இங்கே பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு.

அந்தக் குரலைக் கேட்கவேண்டிய பஞ்சாயத்துப் பெட்டியைத்தான் 8-ந் தேதி லாரி கொண்டுவந்து எடுத்துக்கொண்டு போகப்போவதாகச் சர்க்கார் உத்தரவு வந்திருக்கிறது. ஏன் என்று கேட்பாய். ஆதியிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், ஆபீஸில் போய்ச் சொல்லவும் தோதாக இருக்கும்.

போன வருஷம் தை மாதம் பஞ்சாயத்துக்கு ரேடியோப் பெட்டி வந்தது உனக்குத் தெரியும். தலைவர் பஞ்சாட்சரம் அதைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். வந்த ஆபீசர், எல்லா ஜனங்களும் வந்து கேட்கிற இடமாக இருக்கவேண்டும், காலனி ஜனங்கள் உங்கள் கூடத்துக்கு வருவார்களா என்று கேட்டார். பஞ்சாட்சரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் கனைப்பிலேயே பெட்டி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. நம் வீடு தெருக்கோடி, முன்பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனிக்குப் போகிற வழி. ஜன்னலில் பெட்டியை வைத்தால் இரண்டு பக்கமும் கேட்கும். சரி, பராமரிப்பாளர் யார் என்றார். எழுதப் படிக்கத் தெரிந்து, தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்கிற ஆளாக இருக்கவேண்டுமாம். எழுதப் படிக்கத் தெரிந்த ஆம்பிளைகள் யாரும் சாயங்காலத்தில் வீட்டில் இருப்பதில்லை. நான் சொன்னேன், அந்தக் காலத்து அஞ்சாவது, இன்றைக்கும் மனக்கணக்கில் என்னை யாரும் மடக்கமுடியாது என்று. ஆபீசர் என்னை ஒரு வரி எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே அம்மா என்றார். அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

பெட்டியோடு மூன்று ரிஜிஸ்தர் வந்தது நைனா. உங்கள் தாத்தா இருந்த நாளில் மூன்று காணி நிலத்துக்குக்கூட இவ்வளவு காகிதம் கிடையாது. தேதி ஒரு கட்டம், பெட்டி திறந்த நேரம் ஒரு கட்டம், மூடிய நேரம் ஒரு கட்டம், கேட்டவர் எத்தனை பேர், பெட்டியில் பழுது, பேட்டரியில் கசிவு, ஒலியில் இடையூறு, பொதுமக்கள் புகார், எல்லாவற்றுக்கும் கட்டம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, அடித்தல் திருத்தல் கூடாது, பழுதும் கசிவும் புகாரும் உண்டா இல்லையா என்பதைப் பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே சோதித்து எழுதிவிட வேண்டும், மறுநாள் எழுதினால் குற்றம். மாசம் முடிந்தால் அதையே சுருக்கி மூன்று பிரதி எடுத்து, தலைவர் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு, அஞ்சாம் தேதிக்குள் பட்டணத்துக்குப் போகவேண்டும். ஒரு நாள் தவறவில்லை நான். கனகாவுக்கு மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோதுகூட ஒரு கையில் அவள் நெற்றியும் ஒரு கையில் பேனாவுமாக எழுதினேன். சத்தியமாய்ச் சொல்கிறேன், கேட்டவர் எண்ணிக்கையில்கூட நான் அரை ஆள் கூட்டி எழுதியதில்லை, கனகா விஷயத்தில் தவிர. அவளுக்கு ஒண்ணரை என்று போட்டேன். அதற்கு ஆபீஸிலிருந்து, அரை ஆள் என்பதற்கு விளக்கம் தருக என்று ஒரு காகிதம் வந்தது. மீதி அரை பங்குனியில் வரும் என்று விளக்கம் எழுதி அனுப்பினேன். அதற்கப்புறம் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி ஆறரை மணிக்கு. திறக்கும் முன்னால் எழுதவேண்டும் என்றால் ஆறு, ஆறே காலுக்கு எழுதவேண்டும். ஆறு, ஆறே கால் என்பது என்ன நேரம்? விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் 'இல்லை' என்கிற வார்த்தை வரலாமா நைனா? அரிசி தீர்ந்தால் அரிசி நிறைஞ்சிருக்குது என்போம். உப்பு தீர்ந்தால் உப்பு நிறைய கீது, வாங்கிக்கினு வா என்போம். உன் அம்மா புதுசாய் வந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே தானாகப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள், அவ்வளவு தெரிந்த பெண். வாயால் சொல்லக்கூடாததை மசியால் எழுதலாமா? அதுவும் சர்க்கார் புஸ்தகத்தில், மூன்று பிரதி?

ஆகையினால் பழுது என்கிற கட்டத்தில் 'நிறைய' என்று எழுதினேன். கசிவு என்கிற கட்டத்தில் 'நிறைய'. இடையூறு 'நிறைய'. புகார் 'நிறைய'. எழுதுகிறவளுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும் என்றுதான் எழுதினேன். ஆபீஸில் இருக்கிறவர்களும் ஒரு அம்மா வைத்த விளக்கில் வளர்ந்தவர்கள்தானே. இதே மாதிரி ராத்திரி ஏழரைக்குப் பெட்டியை மூடினதும், அணைத்தேன் என்று எழுத மனசில்லாமல் 'குளிர வைத்தேன்' என்று எழுதுவேன். அதற்கும் ஒரு காகிதம் வந்தது, பெட்டியின்மேல் தண்ணீர் ஊற்றப்படுகிறதா என்று. அன்றைக்கே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும், பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து பத்து நாளில் உத்தரவு வந்தது. பஞ்சாட்சரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர் மாதிரி வந்தார். ரோட்டில் நின்றபடியே சத்தமாய்ப் படித்தார். 'மேற்படி பஞ்சாயத்தின் ரேடியோப் பெட்டியில் சென்ற பன்னிரண்டு மாதங்களில் ஒரு நாள்கூட விடாமல் பழுது நிறைய இருந்துள்ளது. பேட்டரிக் கசிவும் நிறைய. பொதுமக்கள் புகாரும் நிறைய. பராமரிப்பு மிக மோசம் எனத் தெரிவதால் மேற்படி பெட்டி 8-ந் தேதி எடுக்கப்பட்டு, விண்ணப்பித்துக் காத்திருக்கும் காவாந்தண்டலம் பஞ்சாயத்துக்கு வழங்கப்படும்.'

"இன்னா ஆண்டாளம்மா," என்றார் பஞ்சாட்சரம். "ஊரு மானத்த மூணு பிரதி எடுத்து அனுப்பி வெச்சிகீற."

"பெட்டி பாடிக்கினுதானே கீது, உங்க காதுலதான் பழுது," என்றேன்.

"காது கெடக்கட்டும். நம்ம ஊர்ப் பக்கத்துல கோயில் செவுத்துல ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே வெட்டி வெச்சிகீறான், கணக்குக் காட்டாதவனும் அவன் ஒறமொறையும் எந்த வாரியத்துக்கும் நிக்கக்கூடாதுன்னு. அவன் தெரிஞ்சுதான் வெட்டினான்."

"கணக்குக் காட்டாதவனுக்குத்தானே அந்தச் சட்டம். நான் தெனமும் காட்டினேன், நிறையவே காட்டினேன். அது சரி, மாசா மாசம் அடியில 'பார்த்தேன்'னு போட்டிருக்கே ஒரு கையெழுத்து, அது யாருது? பாக்காம பார்த்தேன்னு போட்டவருக்குச் செவுத்துல இன்னா வெட்டிகீது?"

அதற்கு அவர், நாஷ்டா ஆறிடும் என்று போய்விட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு என்ன நாஷ்டாவோ.

இதையெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டுத் தழையை இறக்கி வைத்துவிட்டு மார்த்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள். நம் கொல்லையில் களை எடுக்க வருவாளே, அந்த மார்த்தாள். மிஷன் ஸ்கூலில் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எனக்கு ஒரு யோசனை. அவர்கள் வேதக்காரர்கள், அவர்களுக்கு இந்த விளக்கு, வெள்ளிக்கிழமை எல்லாம் கிடையாது, இனிமேல் அந்த நாலு கட்டத்தை மட்டும் அவளை விட்டு எழுதச் சொன்னால் யாருக்கும் தோஷமில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் மார்த்தா, உங்க வூட்ல சாயங்காலத்துல இல்லைன்னு சொல்லலாமா?"

அவள் சிரித்தாள். "இன்னா ஆயா இப்படிக் கேட்டுட்ட. எங்க வூட்ல நெசமாவே இல்ல. அரிசிப் பானையத் தட்டினா மேளம் மாதிரி கேக்கும். அப்பகூட எங்க மாமியாரு 'தோத்திரம் ஆண்டவரே, நெறைஞ்சிகீது'ன்னுதான் சொல்லும். இல்லாத வூட்லயே சொல்லாத வார்த்தைய இருக்கிற வூட்ல வந்து நான் எழுதறதா? வேற ஆளப் பாரு."

அன்றைக்கு அவளுக்கு இரண்டு படி நெல் கூடுதலாய் அளந்தேன், காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் போகும்போது, "தேவகிம்மா பேசறன்னிக்கு எங்க ஜனம் பூரா வரும் ஆயா, பொட்டியத் தூக்க வுட்றாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெருமாள், நானே பழைய ரிஜிஸ்தரை அடித்துத் திருத்தி எழுதித் தருகிறேன் ஆயா என்றான். அடித்தல் திருத்தல் கூடாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பகல் பத்து மணிக்கு உட்கார்ந்து நானே ஒரு மனு எழுதி அனுப்பலாம் என்றால், எங்கள் பழைய காகிதத்துக்கு அவர்கள் பதில் போட்ட வேகத்தைப் பார்த்தால் பவளத்துக்குக் கல்யாணம் ஆகும்போதுதான் பதில் வரும். எட்டாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்தான். பெரிய பேஜாராய்ப் போச்சு நைனா.

ஆகையினால் நீ செய்யவேண்டியது இதுதான். இந்தக் கடுதாசி கண்ட உடனே ஆபீஸுக்கு ஒரு வேளை லீவு சொல்லிவிட்டு, நேராக ரேடியோ ஆபீஸுக்குப் போ. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ. பெரியவர் யாரோ அவரைப் பார்த்துக் கும்பிட்டு, ஐயா, எங்கள் ஆயா 'நிறைய' என்று எழுதினால் 'இல்லை' என்று அர்த்தம், பெட்டியில் எள்ளளவு பழுது கிடையாது, சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று தெளிவாய்ச் சொல்லு. அவர் அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று பக்குவமாய்க் கேட்டுக்கொள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. பகலில் சொல்லு, சாயங்காலம் போய்ப் பழுது இல்லை என்று சொல்லித் தொலைக்காதே. வேண்டுமானால் பேட்டரியை நான் வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டுகிறேன், கறை கூடக் கிடையாது என்றும் சொல்லு. எப்படியாவது பெட்டி நல்ல பெட்டி என்று அவர்கள் வாயாலே சொல்ல வைத்துவிடு. அதற்கப்புறம் அவர்களால் எடுக்கமுடியாது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். ஓட்டல் சாப்பாட்டில் மிளகாய் ஜாஸ்தி, மோர் ஊற்றிச் சாப்பிடு. காற்றாடிக்கு நேர் அடியில் உட்கார்ந்தால் சளி பிடிக்கும், கொஞ்சம் தள்ளி உட்கார், ஆனால் வேறு யாரும் அந்த இடத்தில் உட்காரும்படி விட்டுவிடாதே. கனகா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நீயும் தேவகியும் ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, நல்ல பேரும் நல்ல சாப்பாடுமாக நூறு வயசு இருக்கவேண்டும் என்று சுந்தரவரதரை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஆயா,
ஆண்டாளம்மாள்,
ரேடியோப் பராமரிப்பாளர் (இன்றுவரை)

பி.கு. நைனா, மேலே எழுதினது எதையும் செய்யாதே. ரேடியோ ஆபீஸ் இருக்கிற தெருப்பக்கமே போகாதே. நேற்று தபால்காரர் வருவதற்குள் ஒட்டி முடிக்கவில்லை, அதனால் கடுதாசி கையிலேயே நின்றுவிட்டது, அதுவும் நல்லதாய்ப் போச்சு. நாலு பக்கத்தைக் கிழித்துப்போட மனசு வரவில்லை, பவளம் பரிசு வாங்கினது எல்லாம் அதில் இருக்கிறது. ஆகையினால் அதை அப்படியே வைத்து, நடந்ததை இதில் எழுதுகிறேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பஸ்ஸில் ஒரு மெக்கானிக் வந்து இறங்கினான். வீராசாமி என்று பேர், உன் வயசுதான் இருக்கும், தோளில் பை. லாரி வருவதற்கு முன்னால் பெட்டியைச் சோதித்து ரிப்போர்ட் எழுத அனுப்பியிருக்கிறார்களாம். இரண்டு மூன்று ஊர் சுற்றிவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது. பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே தட்டி, பேட்டரியை முகர்ந்துகூடப் பார்த்தான். அதற்குள் நிகழ்ச்சிக்கு ஜனம் சேர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் நம் தெரு, அந்தப் பக்கம் மார்த்தாளும் அவள் ஜனமும். பஞ்சாட்சரமும் வந்து நின்றார்.

மூடியைப் போட்டு, நிகழ்ச்சியையும் பாடவிட்டுவிட்டு வீராசாமி சொன்னான், "அம்மா, பொட்டி மணி மாதிரி கீது. நான் பாத்ததுலயே இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கிற பொட்டி இதான்."

எனக்குப் பால் குடித்தமாதிரி இருந்தது. "அப்போ லாரி வராதே?" என்றேன்.

"இன்னாம்மா நீ. நல்ல பொட்டியா இருந்தாத்தான் லாரியே வரும். காவாந்தண்டலத்துக்குக் குடுக்கறதா உத்தரவு கையெழுத்தாயிட்ச்சு, அத இனிமே மாத்தமாட்டாங்க. பொட்டி நல்லா கீதுன்னு நீ எழுதிக் குடுத்தா எட்டாந் தேதி தூக்கிக்கினு போய் அங்க வெச்சுடுவாங்க."

"பழுதா இருந்தா?"

"பழுதான பொட்டிய இன்னொரு ஊருக்குக் குடுக்கக்கூடாது, அது ரூல். பட்டறைக்குத்தான் அனுப்பணும். பட்டறையில ஏற்கெனவே எழுபது பொட்டி அடுக்கிக் கெடக்குது, சித்திரை முடியற வரைக்கும் எடம் கெடையாது. அதுவரைக்கும் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்னு சர்க்குலர்."

பஞ்சாட்சரம் என்னைப் பார்த்தார். நான் பஞ்சாட்சரத்தைப் பார்த்தேன். வீராசாமி பையிலிருந்து ஒரு அச்சடித்த காகிதத்தை எடுத்தான். 'பெட்டியில் பழுது', அதற்கு எதிரில் ஒரு கட்டம். பராமரிப்பாளர் தன் கைப்பட நிரப்பவேண்டியது என்று கீழே போட்டிருந்தது.

"ஏழு மணி பஸ்ஸு போயிடும்மா. இல்லைன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடு."

உன் தலைமேல் சத்தியமாய்ச் சொல்கிறேன் நைனா, பேனாவை வாங்கின அந்த நேரத்தில் நான் லாரியை நினைக்கவில்லை, காவாந்தண்டலத்தை நினைக்கவில்லை, தேவகியைக்கூட நினைக்கவில்லை. மாடத்தில் அப்போதுதான் கனகா விளக்கேற்றிவிட்டு, எட்டு மாத வயிற்றோடு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வார்த்தையை என் கை எப்படி எழுதும்? அவனிடம் சொல்லவும் சொன்னேன், "நாளைக்குக் காலையில வா நைனா, பத்து மணிக்கு நீ கேட்டதை எழுதித் தரேன், இப்போ என்னால ஆகாது" என்று.

"நாளைக்கு நான் மதுராந்தகம் பக்கம் போவணும்மா. இப்போ இன்னா தோணுதோ எழுது."

எழுதினேன். 'நிறைய.' கையெழுத்தும் போட்டேன்.

வீராசாமி அதை வாங்கிப் படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான், மாடத்து விளக்கைப் பார்த்தான். பெட்டி அந்தப் பக்கம் நெல்லுக்கு எரு போடுவது எப்படி என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கொரகொரப்புக் கிடையாது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றான். அப்புறம், "எங்கம்மா உப்பு டப்பாவக் கவுத்து வெச்சிக்கினு, உப்பு நெறைய கீதுடா, கடைக்குப் போய்ட்டு வான்னு அனுப்பும்," என்றான். "எழுதினது எழுதினதுதாம்மா. அடிச்சுத் திருத்தக்கூடாது, ரூலு."

தலைவர் கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தைப் பஞ்சாட்சரத்திடம் நீட்டினான். இந்த ஒரு வருஷத்தில் இந்த ஒரு காகிதத்தைத்தான் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வீராசாமியிடம், "ரொம்பப் பழுது தம்பி, ராத்திரியெல்லாம் இம்சை" என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். அது பொய், அது அவர் கணக்கு. என் கணக்கில் பொய் கிடையாது. வீராசாமிக்குக் கனகா நாலு இட்டிலி கட்டிக் கொடுத்தாள், மார்த்தாளின் மச்சான் அவனைச் சைக்கிளில் வைத்து ஏழு மணி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டான்.

ஆகையினால் நீ போய் ஆயா எழுதின நிறையவுக்கு அர்த்தம் இது, அது என்று எங்கேயும் வாயைத் திறக்கவேண்டாம். யாராவது கேட்டால் எங்கள் ஆயா அஞ்சாவது படித்தவள், அவள் எழுதினால் எழுதினபடிதான் அர்த்தம் என்று சொல்லிவிடு. சித்திரைக்கு அப்புறம் பெட்டி பட்டறைக்குப் போகிறது, எங்கேயோ போகிறது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு அது இங்கே, நம் ஜன்னலில் இருக்கும். தேவகியைக் கொஞ்சம் நிதானமாய்ப் பேசச் சொல்லு, அவள் சந்தோஷம் வந்தால் வேகமாய்ப் பேசுவாள், ஓரிக்கைக் கிழவிக்குக் காது மந்தம்.

பேசி முடித்த கையோடு அவளை ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அன்றைக்குக் கட்டின புடவையோடே புதுசாய் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. இங்கே இருக்கிறது ஆறு வயசில் முன்பல் இல்லாமல் அழுதுகொண்டு எடுத்த படம். ஊரே குரலைக் கேட்டுவிட்டு, இது யார் பேசினது, காட்டு பார்ப்போம் என்று என்னிடம் வரும். அந்த அழுகிற குழந்தையைக் காட்டி இதுதான் என்றால் எவர் நம்புவார்? எனக்கே ஒண்ணரை வருஷத்தில் முகம் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியவில்லை. சீக்கிரம் அனுப்பு.